உலக முடிவைத் தேடி... ஒன்பது கிலோமீட்டர் ஈர நடை!

அதிகாலை நாலரை மணி. நுவரெலியாவில் நாங்கள் தங்கியிருந்த விடுதியின் வாசலில் வேன் வந்து நின்றபோது, அம்மா எனக்கு முன்பே தயாராகி சால்வையைத் தலையோடு போர்த்திக்கொண்டு நின்றிருந்தார். அறுபத்தைந்து வயது. இரண்டு முழங்காலிலும் தேய்மானம். "ஒன்பது கிலோமீட்டர் நடக்கணும், முடியுமாம்மா?" என்று முதல் நாள் இரவு மூன்று முறை கேட்டிருந்தேன். "பொறந்த ஊரு மலையை ஏறாம திரும்பிப் போகவா இவ்ளோ தூரம் வந்தேன்?" என்று மூன்று முறையும் ஒரே பதில்.

அம்மா பிறந்தது இலங்கை மலையகத்தில், அக்கரப்பத்தனை பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றின் லயத்தில். 1964-ல் கையெழுத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட லட்சக்கணக்கானோரில் தாத்தா குடும்பமும் ஒன்று. 1972-ல், பன்னிரண்டு வயதில், தலைமன்னாரில் கப்பலேறினார் அம்மா. அதன் பிறகு கோத்தகிரிதான் எங்கள் ஊர். ஆனாலும் மழைக்காலத்தில் மேகம் இறங்கும்போதெல்லாம் அம்மா ஒரு மலையைப் பற்றிச் சொல்வார்.

"லயத்து வாசல்ல இருந்து பார்த்தா மேல எப்பவும் மேகமாத்தான் இருக்கும். அதுக்கு மேல என்ன இருக்குன்னு அப்பாவைக் கேட்டா, 'மரை மேயுற காடு, நமக்கு அங்க என்ன வேலை'ம்பாரு. காலையில பெரட்டு, பொழுதுக்கும் கொழுந்து. யாரு ஏறிப் பார்த்தா?"

அந்த மேகத்துக்கு மேலே இருப்பதுதான் ஹோர்ட்டன் சமவெளி. ஐம்பது வருடம் கழித்து, கீழிருந்து அண்ணாந்து பார்த்த அந்த இடத்துக்கு அம்மாவை அழைத்துப் போகிறேன்.

பிறந்த மண்ணில் வெளிநாட்டுக் கட்டணம்

நுவரெலியாவிலிருந்து 32 கிலோமீட்டர். இலங்கையின் மிக உயரமான ரயில் நிலையம் இருக்கும் பட்டிப்பொல வழியாகச் சாலை வளைந்து வளைந்து ஏறுகிறது. எங்கள் டிரைவர் தம்பியும் அக்கரப்பத்தனைக்காரர்தான். அம்மா எந்தத் தோட்டம், எந்த டிவிஷன் என்று விசாரித்து, அரை மணி நேரத்தில் இருவருக்கும் பொதுவான நான்கு பேரைக் கண்டுபிடித்துவிட்டார்கள்.

காலை ஆறு மணிக்கு நுழைவாயில் திறக்கிறது. இலங்கையருக்கு ஒரு கட்டணம். வெளிநாட்டவருக்கு அதைப் போலப் பல மடங்கு. இந்திய பாஸ்போர்ட்டை நீட்டிய அம்மா, "பார்த்தியாடி, பொறந்த ஊர்ல நான் வெளிநாட்டுக்காரி" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நடைபாதை தொடங்கும் ஃபார் இன் என்ற பழைய கட்டடத்தின் அருகே பைகளைத் திறந்து பார்க்கிறார்கள். பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்துக் காகிதப் பையில் போட்டுத் தருகிறார்கள். தண்ணீர் பாட்டிலைச் சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் லேபிளைக்கூடக் கிழித்து எடுத்துக்கொள்கிறார்கள். 'இவ்வளவு கெடுபிடியா?' என்று முதலில் தோன்றியது. காரணம் வெளியிலேயே நின்றிருந்தது.

தோள் உயரத்துக்கு ஒரு கடமான். கிளை பிரிந்த கொம்பு, கழுத்தில் பிடரி மயிர், ஈரமான மூக்கிலிருந்து புகை. வண்டி நிறுத்தத்தில் மனிதர்களுக்குப் பயமே இல்லாமல் நின்றுகொண்டிருந்தது.

"மரை!" என்றார் அம்மா, சின்னப் பிள்ளைபோல. நாம் கடமான் என்றும் மிளா என்றும் சொல்வதை இங்கே மரை என்கிறார்கள். ஒரு காலத்தில் வேட்டைக்கு அஞ்சி மறைந்து வாழ்ந்த மிருகம், இன்று சுற்றுலாப் பயணிகள் நீட்டும் பிஸ்கட்டுக்குப் பழகிவிட்டது. பிஸ்கட்டோடு உறையும் சேர்ந்து வயிற்றுக்குள் போகிறது. லேபிளைக் கிழிப்பது அதனால்தான்.

புல்வெளி இல்லை, தண்ணீர்த் தொட்டி

ஆறே முக்காலுக்கு நடக்கத் தொடங்கினோம். பிப்ரவரி மாதம். புல் நுனியெல்லாம் உறைபனி வெள்ளை பூசியிருந்தது. எங்களுக்கு முன்னால் கண்ணுக்கு எட்டிய தூரம் வரை மஞ்சளும் பழுப்புமாகப் புல்வெளி. அதன் ஓரங்களில் குடை விரித்ததுபோலத் தலை தட்டையான மரங்கள் அடர்ந்த காடு. நீலகிரியின் மேல்மலையைப் பார்த்தவர்களுக்கு இது தெரிந்த முகம்தான். அதே சோலை, அதே புல்வெளி.

கடல் மட்டத்திலிருந்து 2,100 மீட்டருக்கு மேல், சுமார் 31 சதுர கிலோமீட்டர் பரப்பு. சிங்களத்தில் 'மஹா எலிய', அதாவது பெரிய வெளி. 1830-களில் ஆங்கிலேய அதிகாரிகள் இங்கே ஏறி வந்து, அன்றைய ஆளுநர் வில்மட் ஹோர்ட்டனின் பெயரைச் சூட்டினார்கள். 1988-ல் தேசியப் பூங்கா ஆனது. 2010-ல், இலங்கையின் மத்திய மலைநாட்டின் ஒரு பகுதியாக யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது.

இங்கே வருகிற எல்லோருடைய குறியும் ஒன்றுதான்: 'உலக முடிவு'. சமவெளியின் தெற்கு விளிம்பில் தரை சட்டென்று முடிந்து, 800 மீட்டருக்கும் மேல் செங்குத்தாக இறங்கும் பாறை. வானம் தெளிவாக இருந்தால் தெற்கே கடல்கூடத் தெரியுமாம். ஆனால் ஒன்பது, பத்து மணிக்கெல்லாம் கீழிருந்து மேகம் ஏறி மூடிவிடும். அதற்குள் போய்ச் சேர வேண்டும்.

நான் வேகமாக நடந்தேன். அம்மா நின்று நின்று வந்தார்.

"தம்பி, இது என்ன, தரை இப்படிப் பொதபொதங்குது?"

"எல்லாம் சதுப்பும்மா. பாதையை விட்டு இறங்கிராதீங்க."

பாதையின் இரு பக்கமும் பார்க்கப் புல்வெளிதான். ஆனால் பள்ளமான இடங்களில் புல் கருத்து, குட்டை மூங்கில் புதர்கள் நெருங்கி நிற்கின்றன. அங்கெல்லாம் அடியில் தண்ணீர். குளிர் அதிகம், ஈரம் அதிகம் என்பதால் செத்த புல்லும் பாசியும் இங்கே சீக்கிரம் மக்குவதில்லை. வருடா வருடம் ஒன்றின் மேல் ஒன்றாகப் படிந்து, கறுப்பு நிறத்தில் பஞ்சுபோன்ற மண்ணாகிறது. மழை பெய்யும்போது அந்தப் பஞ்சு நனைந்து ஊறிக்கொள்கிறது. மழை இல்லாத நாளில் சொட்டுச் சொட்டாக விடுகிறது. வருடத்துக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை. அது போதாதென்று, காற்றில் வரும் மூடுபனியையும் மரத்தின் இலைகளும் பாசியும் வடிகட்டித் தரைக்கு அனுப்புகின்றன.

மக்காத அந்த மண் ஒரு நாட்குறிப்பும்கூட. சதுப்பைத் துளையிட்டு, அடுக்கடுக்காக மண்ணை எடுத்து, அதில் சிக்கியிருந்த மகரந்தத் துகள்களை ஆய்வாளர்கள் எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். எப்போது மழை கூடியது, எப்போது வறண்டது, எப்போது காடு பின்வாங்கிப் புல் வந்தது என்று இருபதாயிரம் ஆண்டுகளுக்கும் மேலான கதை அதில் கிடைத்திருக்கிறது. நம் நீலகிரிச் சதுப்பிலும் இதேபோல இருபதாயிரம் ஆண்டுக் கதையைப் படித்திருக்கிறார்கள்.

முழங்கால் வரை

அம்மாவின் கண் தரையை விட்டு எழவேயில்லை. அவர் காட்டிய பிறகுதான் எனக்கு ஒவ்வொன்றாகத் தெரிந்தது. ஈரத்தில் மெத்தை மெத்தையாக ஒரு செடி, அதன் மேல் குச்சி குச்சியாக நின்ற வெள்ளைப் பொத்தான் பூக்கள். புல்லுக்குள் விரல் நகம் அளவில் கண்ணைப் பறிக்கும் நீலப் பூ. வேருக்குப் பக்கத்தில் நுண்ணிய பைகளை வைத்துக்கொண்டு, அதில் நுழையும் பூச்சியை விழுங்கும் செடியும் இந்த ஈரத்தில்தான் வளர்கிறது. ஒரு காய்ந்த குச்சியின் உச்சியில் கரும்புதர்ச்சிட்டு ஒன்று உட்கார்ந்து, வாலை ஆட்டிக்கொண்டே எங்களை வேவு பார்த்தது.

எனக்கோ மணிக்கட்டில்தான் கண். ஏழே முக்கால். "வேகமா வாம்மா, மேகம் மூடிடப் போகுது" என்று இரண்டு முறை குரலை உயர்த்திவிட்டேன்.

அப்போதுதான் தூரத்தில் ஓடையோரம் ஐந்தாறு மரைகள் மேய்வதைப் பார்த்தேன். நடுவில் ஒரு குட்டி. போனை எடுத்துக்கொண்டு, "ஒரே ஒரு படம்" என்று பாதையிலிருந்து நான்கு அடி இறங்கினேன். மூன்றாவது அடி வரை தரை தாங்கியது. நான்காவது அடியில் வலது கால் முழங்கால் வரை உள்ளே போய்விட்டது.

வலி இல்லை. குளிர்! ஐஸ் பெட்டிக்குள் காலை விட்டதுபோல. இழுத்தால் வரவில்லை, இழுக்க இழுக்க மற்ற காலும் இறங்கியது. தம்பி பாதையோரம் குப்புறப் படுத்துக் கையை நீட்டினார். "ஷூவை விட்ருங்கக்கா, காலை மட்டும் சாய்ச்சு எடுங்க!" கால் வந்தது. ஷூ, 'ப்ளக்' என்ற சத்தத்தோடு இரண்டாவது இழுப்பில் வந்தது. மரைகள் எப்போதோ போய்விட்டன.

நான் மிதித்த இடத்தைத் திரும்பிப் பார்த்தேன். பாசி கிழிந்து, ஒரு வெள்ளைப் பொத்தான் பூ மெத்தை இரண்டாகப் பிளந்து, கறுப்புக் குழி. அதில் மெதுவாகத் தண்ணீர் ஊறிக்கொண்டிருந்தது.

"ஒருத்தர் மிதிச்சா ஒரு குழிக்கா. வர்ற எல்லாரும் மிதிச்சா ஓடை ஆயிரும். தண்ணி நிக்காது, ஓடிரும்" என்றார் தம்பி. கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் எனக்கு அதிகம் உறைத்தது.

அம்மா என் காலைச் சால்வையால் துடைத்துக்கொண்டே, "மெதுவாப் போனா என்னடி?" என்றார். அவ்வளவுதான். அதன் பிறகு நான் மணி பார்க்கவில்லை.

இந்தப் பக்கம் வளவை, அந்தப் பக்கம் மகாவலி

பாதை காட்டுக்குள் நுழைந்தது. வெளியே இருந்த வெயில் சட்டென்று அணைந்தது. மரங்கள் பதினைந்து இருபது அடி உயரம்தான். காற்று அவற்றை வளரவிடுவதில்லை. கிளையெல்லாம் பாசித் தாடி. ஆங்காங்கே காட்டுப் பூவரசு. இதன் சிவப்புப் பூவை ஊட்டிப் பக்கம் பார்த்தவர்கள் உடனே அடையாளம் கண்டுகொள்வார்கள். மஞ்சள் காது கொண்டைக்குருவி ஜோடி ஒன்று தலைக்கு மேல் பழம் தின்றுகொண்டிருந்தது. இலங்கையைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத பறவை.

பாசி படிந்த ஒரு கிளையில் தம்பி விரலை நீட்டினார். ஒன்றுமே தெரியவில்லை. பிறகு கிளை கண்ணைச் சிமிட்டியது. மூக்கின் நுனியில் காண்டாமிருகம்போல ஒற்றைக் கொம்பு வைத்த ஓணான்! இதுவும் இந்த மலைகளுக்கு மட்டுமே சொந்தம். அடர்ந்த ரோமம் கொண்ட மலைக் குரங்குகளின் குரல் மட்டும் கேட்டது. சிறுத்தை இருக்கிறது, நாங்கள் பார்க்கவில்லை. இரவில் வந்தால் உள்ளங்கை அளவுத் தேவாங்கு ஒன்று உண்டு. அழிந்தே போய்விட்டது என்று நினைத்திருந்த இந்த மலைத் தேவாங்கின் படங்கள் முதன்முதலாக 2010-ல்தான் வெளியாகி, உலகம் முழுக்கச் செய்தியானது.

யானைதான் இல்லை. 19-ம் நூற்றாண்டில் சாமுவேல் பேக்கர் போன்ற ஆங்கிலேயர்கள் வேட்டையாடிய காடு இது. போன நூற்றாண்டின் முதல் பாதியிலேயே யானைகள் இங்கிருந்து முற்றிலும் மறைந்துவிட்டன.

காட்டைக் கடந்து ஒரு மேட்டில் உட்கார்ந்தோம். அம்மா முழங்காலை நீவிக்கொண்டே கேட்டார்: "தம்பி, எங்க ஆறு எங்கருந்து வருது?"

அவர் எழுந்து நின்று வடமேற்கே கையைக் காட்டினார். "நாம பார்த்த ஓடையெல்லாம் பெலிஹுல் ஓயாம்மா. அது தெற்க இறங்கி வளவை கங்கையில சேருது. அந்தா, அந்த மேட்டுக்கு அந்தப் பக்கம் ஊறுற தண்ணிதான் நம்ம அக்ரா ஓயா. அக்கரப்பத்தனை வழியாப் போயி, கொத்மலை ஓயாவாகி, மகாவலியில விழும்."

ஒரே மேகம், ஒரே ஈரம். மேட்டுக்கு இந்தப் பக்கம் விழுந்த துளி இலங்கையின் தென்கோடியில் அம்பலாந்தோட்டை அருகே கடலைத் தொடும். அந்தப் பக்கம் விழுந்த துளி கிழக்கே திருகோணமலை போய்ச் சேரும். களனி ஆற்றுக்கும் இந்த மலைகளிலிருந்து தண்ணீர் போகிறது. வயல், மின்சாரம், குடிநீர் என்று நாட்டின் பாதிப் பிழைப்பு இந்தப் பஞ்சு மண்ணிலிருந்து கசிகிறது.

"நாங்க குளிச்சது, துவைச்சது, குடிச்சது எல்லாம் இதுதானா!" அம்மா அந்தத் திசையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: "கோத்தகிரியில நம்ம வீட்டுக்குக் கீழே இருந்துச்சே ஒரு சதுப்பு, ஞாபகம் இருக்கா? நீ தவளை பிடிப்பியே."

இருக்கிறது. அங்கே வாய்க்கால் வெட்டித் தண்ணீரை வடித்து, கேரட் போட்டார்கள். நாங்களும்தான் போட்டோம். முதல் சில வருடம் நல்ல விளைச்சல். இப்போது மார்ச் மாதம் பிறந்தால் தெருவுக்குத் தண்ணீர் லாரி வருகிறது. நீலகிரியில் இப்படிக் காய்கறித் தோட்டமான சதுப்புகளும், சீகை மரமும் யூகலிப்டஸும் ஏறிய புல்வெளிகளும் எத்தனையோ. ஹோர்ட்டனிலும் 1960-களில் ஒரு பகுதியில் உருளைக்கிழங்கு போட்டார்கள். நல்லவேளையாக நிறுத்திவிட்டார்கள். ஆனாலும் வெளியிலிருந்து வந்த முட்புதர் மஞ்சள் பூவோடு பரவுகிறது. காட்டில் பல இடங்களில் மரங்கள் நின்ற நிலையிலேயே காய்ந்து வெளிறிக் கிடப்பதையும் பார்த்தோம்.

முடிவில்...

உலக முடிவுக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மணி பத்தேகால். எதிரே சுவர்போல வெள்ளை. கைப்பிடியைத் தாண்டி எதுவும் இல்லை. எங்களுக்கு முன் வந்த இளைஞர்கள் சிலர் மேகத்தோடு செல்ஃபி எடுத்துவிட்டு, "காசு வேஸ்ட்" என்று திரும்பினார்கள். நானும் மனதுக்குள் கொஞ்சம் அப்படித்தான் நினைத்தேன். என்னால்தான் தாமதம் என்று அம்மா நினைத்துவிடக் கூடாதே என்ற கவலையும் இருந்தது.

அம்மா காகிதப் பையிலிருந்து பிஸ்கட்டை எடுத்துத் தம்பிக்கும் எனக்கும் கொடுத்தார். மேகம் அவர் தலைமுடியில் மணி மணியாகக் கோத்திருந்தது. "சின்ன வயசுல கீழ இருந்து பார்த்தேன்ல, அந்த மேகத்துக்குள்ளதான் இப்ப உக்காந்துருக்கேன்" என்றார். வேறு எதுவும் அவருக்குத் தேவைப்பட்டதாகத் தெரியவில்லை.

திரும்பும் வழியில் பேக்கர் அருவி. சுமார் 20 மீட்டர் உயரம்தான். ஆனால் அகலமாக, வெள்ளைச் சேலை காயப்போட்டதுபோல விழுகிறது. படிகள் செங்குத்து. தம்பி முன்னால், நான் பின்னால், அம்மா நடுவில். வலது முழங்கால் மக்கர் செய்தது. "பாதியில உக்காந்துக்கறேன், நீங்க போய்ட்டு வாங்க" என்றார். நாங்கள் போகவில்லை. மூவரும் அந்தப் பாதிப் படியில் உட்கார்ந்து, தெரிந்த அளவு அருவியைப் பார்த்தோம்.

ஃபார் இன்னுக்கு வந்தபோது மதியம் ஒன்றரை. மூன்று, நாலு மணி நேரத்தில் எல்லோரும் முடிக்கும் பாதைக்கு எங்களுக்கு ஏழு மணி நேரம். என் வலது ஷூவில் கறுப்பு மண் காய்ந்து இறுகியிருந்தது. கழுவப் போனவளை அம்மா தடுத்து, "இரு, நம்ம ஆத்துல கழுவிக்கலாம்" என்றார். மறுநாள் அக்கரப்பத்தனைக்குப் போனபோது அப்படியே செய்தோம்.

நீங்கள் போவதாக இருந்தால்...

ஜனவரி முதல் மார்ச் வரை மழை குறைவு; குளிர் கடுமை. ஸ்வெட்டர், மழைக்கோட்டு, பிடிப்பான ஷூ அவசியம். உலக முடிவின் காட்சி வேண்டுமென்றால் ஆறு மணிக்கே நுழைவாயிலில் நில்லுங்கள். வயதானவர்களை அழைத்துப் போகலாம். ஆனால் அவர்கள் வேகத்தில் நடக்கத் தயாராகப் போங்கள். பாலிதீன் எதுவும் வேண்டாம். மான்களுக்கு எதையும் கொடுக்காதீர்கள்.

முக்கியமாக, படம் எடுக்கப் பாதையை விட்டு ஓர் அடிகூட இறங்காதீர்கள். நான் போட்ட குழி ஒன்று அங்கே ஏற்கெனவே இருக்கிறது. அது போதும்.